பௌர்ணமியில் வந்த சம்பந்தம்

எங்கள் வீட்டுக்கு இப்போது ஒரே வாசல்தான். ஒரு காலத்தில் மூன்று இருந்தன. பாகம் பிரித்தபோது பெரியப்பா பிள்ளைகள் பின்கட்டை எடுத்துக்கொண்டு, முற்றத்துக்கு நட்டநடுவே ஆள் உயரத்துக்கு மேல் சுவர் எழுப்பிவிட்டார்கள். சுவருக்கு அந்தப் பக்கம் லாட்ஜ். இந்தப் பக்கம் அம்மி என்று நாங்கள் கூப்பிடும் எங்கள் அம்மா, அண்ணன் அஜ்மல், நான். பெண்கள் புழங்கும் உள்கட்டிலிருந்து தெருவுக்குப் போக வேண்டுமானால் ஹாலைக் கடந்துதான் போக வேண்டும். ஹாலில் வெளி ஆண்கள் வந்து உட்கார்ந்துவிட்டால் உள்ளே இருப்பவர்கள் பெட்டிப் பாம்புதான்.

நவாபு ஆட்களின் குதிரைகளுக்குச் சேணம் விற்றுச் சம்பாதித்த எங்கள் மூதாதை ஜானி பாஷா கட்டிய வீடு என்று சொல்வார்கள். தேக்குத் தூண்கள் இருக்கின்றன. ஜன்னல்களுக்கு மேலே பச்சையும் சிவப்புமாகக் கண்ணாடிகள் இருக்கின்றன. சுவரில் ரசம் போன ஒரு பெரிய நிலைக்கண்ணாடி. அதில் முகம் பார்த்தால் அம்மை போட்ட மாதிரி தெரியும். சரவிளக்கு தொங்கிய கொக்கியில் இப்போது ஒரு எல்.ஈ.டி. பல்பு. ரமணாசிரமம் பக்கம் தங்கியிருக்கும் வெள்ளைக்காரர்கள் கேமராவோடு வந்து, கதவுக்கு முன்னால் நின்று "பியூட்டிஃபுல்" என்பார்கள். மழைக்காலத்தில் ஒழுகுகிற இடத்துக்கெல்லாம் குண்டான் வைத்துவிட்டு விடிய விடிய உட்கார்ந்திருந்தால் தெரியும் அந்த அழகு.

ஆம்பூரிலிருந்து என்னைப் பெண் பார்க்க வருகிறார்கள் என்றதும் அஜ்மல் வீட்டை அலங்கரிக்க ஆரம்பித்தான். விரிசல் விட்ட சுவருக்குத் திரை போட்டான். உடைந்த கண்ணாடிக்குப் பதிலாகக் கலர் ஜிகினாத் தாள் ஒட்டினான். தெருக் கதவைக் கரையான் அரித்திருந்தது. ஓட்டைகளில் துணி சோப்பைத் தேய்த்து அடைத்து, மேலே இரண்டு கை வார்னிஷ் அடித்தான். கதவு புதுமாப்பிள்ளை மாதிரி பளபளவென்று நின்றது.

எனக்கும் ஒரு கை வார்னிஷ் அடித்தார்கள். "பொண்ணுக்கு வேலைக்குப் போறதுல இஷ்டமே இல்ல" என்று அம்மி ஆம்பூருக்குப் போனில் சொன்னாள். நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். என் மடியில் குரூப் ஃபோர் பரீட்சைப் புத்தகம்.

அந்தப் பரீட்சையை நான் இரண்டு தடவை விட்டிருக்கிறேன். முதல் தடவை அன்றைக்குத்தான் அப்பாவின் மையத்தை அடக்கம் செய்தோம். அதற்கு யாரையும் குறை சொல்ல முடியாது. இரண்டாம் தடவை, பரீட்சை நாளிலேயே ஒரு வரன் பார்க்க வந்தது. வந்தவர்கள் சமோசா தின்றுவிட்டுப் போனதோடு சரி. இந்தத் தடவை நான் காலை ஊன்றி நின்றேன். கடைசியில் ஒரு ஒப்பந்தம் ஆனது. சனிக்கிழமை மதியம் ஆம்பூர்க்காரர்கள் வந்து சாயங்காலத்துக்குள் போய்விடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் அஜ்மல் என்னை பைக்கில் கீழ்பென்னாத்தூர் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விடுவான். வேலை கிடைத்தால் அப்போது பார்த்துக்கொள்ளலாம். ஒப்பந்தம் போட்டவர்கள் வானத்தைப் பார்க்க மறந்துவிட்டார்கள்.

மாப்பிள்ளையின் அம்மா கைருன்னிசாவை, சித்தி முறைக்கு, காலா என்றுதான் கூப்பிட வேண்டும். காலா எந்த நல்ல காரியத்தையும் பதினாலாம் பிறையில்தான் செய்வாராம். நிலா நிறைந்திருந்தால் காரியமும் நிறையும் என்று அவர்கள் குடும்பத்தில் ஒரு நம்பிக்கை. பிறை பதினாலு சனிக்கிழமை வருகிறது என்று அவரே தேதி குறித்துவிட்டார்.

"பையா, பதினாலாம் பிறைன்னா பௌர்ணமி. இந்த ஊர்ல பௌர்ணமின்னா இன்னான்னு உனக்குத் தெரியாதா?" என்று அண்ணனிடம் கேட்டேன். அவனைப் பையா என்றுதான் கூப்பிடுவேன்.

"தெரியும். அதுக்காக? அவங்க குறிச்ச தேதிய நாம மாத்தச் சொன்னா பொண்ணுகிட்ட இன்னா குறைன்னு கேப்பாங்க. ரெண்டு மணிக்கு வந்தா நாலு மணிக்குக் கெளம்பிடுவாங்க. விடு."

ஐந்து வயதுப் பிள்ளையைக் கேட்டாலும் சொல்லும், பௌர்ணமியன்று இந்த ஊருக்குள் கார் வராது, வந்த கார் போகாது என்று. மலையைச் சுற்ற வரும் ஜனம் தெருவை அடைத்துக்கொண்டு நடக்கும். எங்கள் வீடு அவர்கள் சுற்றி முடித்துக் கோயிலை நோக்கித் திரும்புகிற தெருவில் இருக்கிறது. பிறந்ததிலிருந்து மாதாமாதம் அந்தக் காலடிச் சத்தத்தில் தூங்கியவன் அஜ்மல். அவனுக்குத் தெரியாததல்ல. மாப்பிள்ளை வீட்டுக்கு முன்னால் பெண் வீட்டுக்காரன் மூளையைக் கழற்றி வைத்துவிட வேண்டும் என்று நம்புகிறவன், அவ்வளவுதான்.

சனிக்கிழமை அவர்கள் வந்து சேர்ந்தபோது பொழுது சாய்ந்துவிட்டது. காரைப் போளூர் ரோட்டில் ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிட்டார்களாம். கைருன்னிசா காலா, அவர் மகன் அமான், அவனுடைய தாய்மாமன், மூன்று பேரும் ஆளுக்கு ஒரு தட்டை ஏந்திக்கொண்டு ஜனத்தோடு ஜனமாக நடந்து வந்திருக்கிறார்கள். தட்டில் லட்டு, வாழைப்பழம், முந்திரி. கிரிவலப் பாதையில் தட்டோடு ஒருவர் நின்றால் அதற்கு ஒரே அர்த்தம்தான். அன்னதானம் என்று நினைத்து ஆளாளுக்கு ஒன்று எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போய்விட்டார்கள். வாசலில் வந்து நின்றபோது மூன்று தட்டும் காலி. மாமனின் தட்டில் மட்டும் யாரோ வைத்த திருநீற்றுப் பொட்டலம் ஒன்று இருந்தது.

உள்கட்டுக் கதவிடுக்கில் பார்த்துக்கொண்டிருந்த எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அமான் புது ஷூவில் நொண்டிக்கொண்டு வந்தான். பாவமாகத்தான் இருந்தது.

பேச்சு சீக்கிரம் முடிந்தது. காலா என் வாயில் சர்க்கரை போட்டார், கன்னத்தைத் தடவினார், "பேச்சு உறுதி" என்றார். பேச்சு உறுதியானால் நிக்காஹ் வரை பெண் மாப்பிள்ளையின் கண்ணில் படக் கூடாது. இது எங்கள் இரண்டு வீட்டுப் பழக்கமும். நான் உள்ளே போனேன். தாய்மாமன் டிரைவருக்குப் போன் செய்தார். ரோடு திறக்க மறுநாள் காலையாகிவிடும் என்று போலீஸ் சொல்லிவிட்டதாக டிரைவர் சொன்னார்.

"அதுக்கென்ன, நவாபு காலத்து வீட்டுல ஒரு ராத்திரி தங்கக் கொடுத்து வெச்சிருக்கணும்ல!" என்று காலா சந்தோஷமாகச் சுவரில் சாய்ந்தார். அவருடைய பட்டுப் புடவையின் முதுகில் சுண்ணாம்பு ஒரு கை அகலத்துக்கு ஒட்டிக்கொண்டது. அம்மியும் அஜ்மலும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். காலா அதைக் கவனிக்கவில்லை. தூணைத் தடவினார், கண்ணாடியைப் பார்த்தார், "இந்த மாதிரி வீட்டுல வளந்த பொண்ணுக்கு அடக்கம் தானா வரும்" என்றார்.

சமையலறையில் அம்மியைப் பிடித்தேன்.

"அம்மி, நாளைக்கு நான் எப்படிப் போறது?"

"மெதுவாப் பேசு."

"ஹால்ல ரெண்டு ஆம்பளைங்க படுக்கப் போறாங்க. நான் எப்படி வெளிய போறது, சொல்லுங்க."

"விடியக்காலையில சுப்ஹு தொழுகைக்கு எல்லாரும் பள்ளிவாசல் போவாங்க இல்ல? அப்ப பாக்கலாம்" என்றாள் அம்மி. என் முகத்தைப் பார்க்காமல் ரொட்டியைப் புரட்டினாள். மூன்று வருஷமாக நான் படிக்கிறேன். அதைப் பற்றி அவள் ஒரு கேள்விகூடக் கேட்டதில்லை. விளக்கை அணை என்றுதான் சொல்லியிருக்கிறாள்.

அஜ்மலுக்குப் போனில் செய்தி அனுப்பினேன். பத்தடி தூரத்தில் ஹாலில் இருந்தவன், "அடுத்த தடவ எழுதிக்கலாம் ரூக்ஸார். காரியத்தைக் கெடுக்காதே" என்று பதில் அனுப்பினான். எனக்கு வந்த கோபத்துக்குப் போனைச் சுவரில் அடித்திருப்பேன். அடித்தால் சுவர் விழுந்துவிடும்.

படுக்கும் நேரத்தில்தான் எனக்கு அம்மியின் கணக்கு புரிந்தது. காலாவுக்குக் கட்டில் ஆகாது, தரையில்தான் படுப்பார். அம்மி பெரிய பாயை எடுத்துக்கொண்டு வந்தாள். உள்கட்டில் எவ்வளவோ இடம் இருந்தது. ஹாலுக்குப் போகிற நிலைப்படிக்குக் குறுக்கே பாயை விரித்தாள்.

"இங்க படுங்க சம்மந்தி. இங்கதான் காத்து நல்லா வரும்" என்றாள்.

அம்மி நிமிர்ந்தபோது நான் அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் தலையணையைத் தட்டுகிற மாதிரி திரும்பிக்கொண்டாள். பெற்றவள் கையாலேயே பூட்டுப் போட்ட மாதிரி இருந்தது. காலா நல்ல கனமான உடம்பு. படுத்தபோது நிலைப்படி இந்த முனையிலிருந்து அந்த முனைவரை அடைபட்டது. படுத்த சற்று நேரத்தில் குறட்டை வந்தது.

நான் தூங்கவில்லை. பையில் ஹால் டிக்கெட், ஆதார் கார்டு. கறுப்புப் பேனா இரண்டையும் உள்ளங்கையில் கிறுக்கிப் பார்த்துவிட்டுத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டேன். வெளியே ஜனம் நடந்துகொண்டே இருந்தது. செருப்பில்லாத கால்கள் தார் ரோட்டில் உரசுகிற சத்தம், இடையிடையே "அரோகரா", பீப்பி ஊதுகிறவன், சுக்குக் காபி விற்கிறவன். லட்சம் பேர் அவரவர் இஷ்டத்துக்கு நடக்கிறார்கள். நான் என் வீட்டுக்குள் பத்தடி நடக்க முடியாமல் உட்கார்ந்திருந்தேன்.

பாங்கு சொன்னார்கள். அஜ்மலின் குரலும் மாமனின் குரலும் ஹாலில் கேட்டன. கதவு திறந்து மூடியது. எனக்கு உயிர் வந்தது. காலாவும் எழுந்து பாயைச் சுருட்டினார். நான் முகம் கழுவித் தொழுதுவிட்டு, துப்பட்டாவைச் சுற்றிப் பையை மாட்டிக்கொண்டு வந்தால், காலா சுருட்டிய பாய் இருந்த அதே இடத்தில் தொழுகை விரிப்பைப் போட்டிருந்தார். ஹால் இருப்பது மேற்கே. அவர் நிலைப்படியைப் பார்த்துக் கைகட்டி நின்றார்.

தொழுகிறவருக்கு முன்னால் குறுக்கே போகக் கூடாது. அவரைத் தாண்டித்தான் கதவு. நான் பின்னால் நின்றேன். ஆம்பூரில் இவ்வளவு நிதானமாகத் தொழுவார்கள் என்று எனக்குத் தெரியாது. நெற்றியைத் தரையில் வைக்கும் ஒவ்வொரு சஜ்தாவிலும் தூங்கிவிட்டாரோ என்று பார்த்தேன். தொழுகையில் நிற்பவரைப் பார்த்துக் கோபப்படுகிறேனே என்று அல்லாவிடம் மன்னிப்பும் கேட்டுக்கொண்டேன். கடைசியில் வலப்பக்கமும் இடப்பக்கமும் சலாம் கொடுத்துத் தொழுகையை முடித்தார். மூட்டு வலியால் கால் இரண்டையும் நிலைப்படிக்குக் குறுக்கே நீட்டிக்கொண்டு தஸ்பீஹ் மணிமாலையை எடுத்தார்.

"காலா, கொஞ்சம் வழி விடுங்க."

"எங்கம்மா?"

"வெளிய போகணும்."

"ஹால்ல அமான் இருக்கான். காலெல்லாம் கொப்புளம், தொழப் போகல. பேச்சு முடிஞ்சப்புறம் அவன் முன்னாடி போகக் கூடாதுன்னு தெரியாதா?"

இனி வார்னிஷ் நிற்காது என்று தெரிந்துவிட்டது. "பரீட்சை இருக்கு காலா. கீழ்பென்னாத்தூர்ல. கவர்மென்ட் வேலைக்கு" என்றேன்.

மணி உருட்டுவது நின்றது. "உங்கம்மா அப்படிச் சொல்லலயே. பொண்ணுக்கு வேலையில இஷ்டமே இல்லன்னாங்க."

"பொய் சொன்னாங்க."

"ரூக்ஸார்!" என்றாள் அம்மி பின்னாலிருந்து.

காலா அம்மியைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தார். "பாஸ் பண்ணா வேலைக்குப் போவியா?"

"போறதுக்குத்தான் எழுதறேன்."

"எங்க வீட்ல அந்தப் பழக்கம் இல்லம்மா" என்றார். அதில் கோபமே இல்லை. எங்கள் வீட்டில் குழம்புக்குப் பெருங்காயம் போடுவதில்லை என்று சொல்கிற மாதிரி சொன்னார். காலை மட்டும் மடக்கவில்லை.

பெரியவர்களின் காலைத் தாண்டக் கூடாது. தெரியாமல் தாண்டிவிட்டால் வந்த வழியே திரும்பித் தாண்டிவிட வேண்டும், அப்போதுதான் தோஷம் போகும். எங்கள் ஊரில் எந்த ஜாதி எந்த மதமானாலும் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லித்தான் வளர்ப்பார்கள். எனக்கும் சொல்லியிருக்கிறார்கள். நான் சுடிதாரைக் கொஞ்சம் தூக்கிக்கொண்டு தாண்டினேன்.

"அல்லா! தாண்டிட்டியே!" காலா நெஞ்சில் கை வைத்தார். "திரும்பி வா. திரும்பித் தாண்டிட்டுப் போ!"

"சாயங்காலம் வந்து தாண்டறேன் காலா."

சொல்லிவிட்டேனே தவிர, பை வாரை இறுக்கிப் பிடித்துக்கொண்டுதான் நடந்தேன். எனக்கு உண்மையிலேயே பயமாக இருந்தது.

ஹாலில் அமான் ஊஞ்சலில் உட்கார்ந்து கொப்புளத்துக்குத் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றான். நான் நேரே கதவுக்குப் போய் இழுத்தேன். கதவு வரவில்லை. வெளியே சங்கிலி குலுங்கியது. பௌர்ணமியன்று கண்டவர்களும் பாத்ரூம் கேட்டு உள்ளே வந்துவிடுவார்கள் என்று அஜ்மல் வெளியே போகும்போது சங்கிலியை மாட்டிப் பூட்டுவது உண்டு. அன்றைக்குப் பூட்டியது பழக்கத்திலா திட்டத்திலா என்று நான் இன்றுவரை கேட்கவில்லை.

"கொஞ்சம் கை குடுங்க" என்றேன் அமானிடம். "ரெண்டு பேர் இழுத்தா வந்துடும்."

அவன் என்னைப் பார்த்தான், கதவைப் பார்த்தான். உள்ளே காலாவின் சத்தம் உயர்ந்துகொண்டிருந்தது.

"ஒரே நிமிஷம் இருங்க" என்றான் மரியாதையாக. "அம்மாகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு வந்துடறேன்."

நொண்டிக்கொண்டே உள்ளே போனான். நல்ல பிள்ளை. கெட்டவன் என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் அந்த ஒரு வார்த்தையில் என்னுடைய அடுத்த முப்பது வருஷத்தையும் நான் பார்த்துவிட்டேன். காய்கறி வாங்க, ஆஸ்பத்திரி போக, அம்மியைப் பார்க்க வர, ஒவ்வொன்றுக்கும் ஒரே நிமிஷம் இருங்க.

இருக்க முடியாது. நிலையில் ஒரு காலை உதைத்துக்கொண்டு, கதவின் வளையத்தை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தேன். முதல் இழுப்பில் வார்னிஷ் வெடித்தது. இரண்டாவதில் சோப்புத் துண்டுகள் பொலபொலவென்று காலில் உதிர்ந்தன. மூன்றாவதில் சங்கிலியைப் பிடித்திருந்த ஆணி, கரையான் தின்ற மரத்தை ஒரு கைப்பிடி பிய்த்துக்கொண்டு வெளிப்பக்கம் கழன்று விழுந்தது. நான் மல்லாந்து விழப் பார்த்தேன். ஜானி பாஷாவின் கதவு ஆவென்று திறந்துகொண்டது. பின்னால் யாரோ கத்தினார்கள். யார் என்று நான் திரும்பிப் பார்க்கவில்லை.

தெருவில் இறங்கியதும் ஜனம் என்னை எடுத்துக்கொண்டது. மலையைச் சுற்றி முடித்து, கால் வீங்கி, தூங்கிக்கொண்டே நடக்கிறவர்கள். எனக்கு முன்னால் ஒருவர் தோளில் மகளைத் தூக்கிக்கொண்டு நடந்தார். பக்கத்தில் ஒரு பெண் என் துப்பட்டாவில் ஒட்டியிருந்த மரத்தூளைத் தட்டிவிட்டாள். எல்லாரும் கிழக்கே போனார்கள். நான் போக வேண்டியதும் கிழக்கேதான். திண்டிவனம் ரோட்டில் ஊருக்கு வெளியே பௌர்ணமிக்கென்று போட்டிருக்கும் தற்காலிக பஸ் ஸ்டாண்டுக்குப் போய்விட்டால் கீழ்பென்னாத்தூர் பஸ் கிடைக்கும். நேரம் இருந்தது.

போன் அடித்தது. அம்மி. எடுக்க வேண்டாம் என்று நினைத்தேன், எடுத்துவிட்டேன்.

"ரூக்ஸார், திரும்பி வா." பின்னால் காலாவின் குரலும் அஜ்மலின் குரலும் கேட்டன. "அவங்க கெளம்பறேன்னு நிக்கறாங்க. நீ வந்து ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டா சரியாப் போயிடும். நான் பேசிக்கறேன். வந்துடு."

நான் நின்று திரும்பப் பார்த்தேன். பின்னால் வந்தவரின் தோள் என் மேல் இடித்தது. அடுத்தவர் இடித்தார். "நடம்மா, நடுவுல நிக்காத" என்றார் ஒருவர்.

"எல்லாரும் ஒரே பக்கந்தான் போறாங்க அம்மி" என்றேன். "திரும்ப முடியாது."

போனை வைத்துவிட்டாள் என்று நினைத்தேன். பிறகு, சமையலறைக் கதவை அவள் சாத்துகிற சத்தம் கேட்டது. அந்தக் கதவு கிறீச்சிடுவது எனக்குத் தெரியும். மற்றவர்களின் குரல்கள் அடங்கின.

"பேனாவ தலகாணி கீழயே வெச்சிட்டுப் போயிட்ட" என்றாள் மெதுவாக.

பைக்குள் கைவிட்டுப் பார்த்தேன். இல்லை. "வழியில வாங்கிக்கறேன்."

"கறுப்பு வாங்கு. நீலத்துல எழுதினா செல்லாதுன்னு நீதான சொன்ன" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

நான் எப்போது சொன்னேன் என்று எனக்கே நினைவில்லை. அழுகை வந்துவிட்டது. துப்பட்டாவால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, கறுப்புப் பேனா விற்கிற கடை ஏதாவது திறந்திருக்கிறதா என்று இரண்டு பக்கமும் பார்த்தபடியே நடந்தேன்.